படத்துத் தண்ணி

கொக்காரனேந்தலில் பள்ளிக்கூடம் கட்டுவதற்கென்று ஊரே கூடி முள் வெட்டி, மேடு தட்டி, முளைக்குச்சி அடித்து, நூல் பிடித்து வைத்திருந்த பொட்டலில், பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில், தண்ணீர் நின்றது. மழை பெய்யவில்லை. ஆற்றில் திறந்துவிடவும் இல்லை, திறந்துவிடுவதற்கு அந்த ஆற்றில் மணல்கூட மிச்சமில்லை. தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அது வந்ததை முதலில் கண்டுகொண்டது ராக்கம்மாளின் எருமைதான். மேய்ச்சலுக்குப் பொட்டலைக் குறுக்கே கடந்துபோன எருமை நடுவில் போனதும் நின்று, மூக்கை உயர்த்திப் பெருமூச்சு விட்டு, அப்படியே சரிந்து மிதந்து, தரைக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆள் உயரம் வெறும் காற்றாக இருக்க, காதை ஆட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டது. அதை ஓட்டிவரப் போன ராக்கம்மாள் கழுத்துவரை நனைந்து திரும்பி வந்து, "கண்மாய் பெருகிக் கெடக்கு, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையே" என்று ஊரைத் திட்டினாள்.

ஊர் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவதற்கு அந்த ஊரிடம் தெம்பு இல்லை என்பது ஒரு காரணம், அது கண்மாய்தான் என்பது இன்னொரு காரணம். தகப்பன்மார் காலத்தில் அங்கே கரை இருந்தது, மடை இருந்தது, கலுங்கு இருந்தது, கலுங்கில் வழிந்த தண்ணீரில் கெண்டை துள்ளியது. பிறகு தண்ணீர் கொண்டுவந்த வரத்துக்கால் அடைபட்டு, கரை கரைந்து, மடைக்கல்லை யாரோ வண்டியில் ஏற்றிப்போய், கருவை முளைத்து, கண்மாய் பொட்டலாகி, பொட்டல் என்பதே அதன் பெயராகிவிட்டது. இப்போது கரை இல்லாமலே தண்ணீர் பழைய கரை இருந்த இடத்தில் கோடு கிழித்த மாதிரி நின்றது. ஒரு கால் இப்பால் இருந்தால் புழுதி, மறு காலை அப்பால் வைத்தால் கணுக்கால் சில்லிட்டது. வடக்கே பஞ்சாலைக்காரர்கள் சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கியின் சுற்றுச்சுவர் வரைக்கும் வந்து, சுவரைத் தொடாமல் மரியாதையாக ஒரு முழம் தள்ளியே நின்றுகொண்டது. பழைய கண்மாயின் ஆழமான பகுதியில்தான் அந்தக் கிட்டங்கி நிற்கிறது, ஆனால் அது எழும்புவதற்கு முன்பே அந்தப் பகுதியை அரசாங்க நிலப்படத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று கேட்க ஊரில் யாருக்கும் வாய் இல்லை. படத்தில் இருந்த இடத்தில் மட்டும் வந்ததால் ஊர் அதற்குப் படத்துத் தண்ணி என்று பெயர் வைத்தது. பெயர் வைத்ததும் அது பழகின பொருளாகிவிட்டது.

அன்றைக்கு அழுதவள் பஞ்சவர்ணம் ஒருத்திதான். ஊராட்சித் தலைவியான அவள், இல்லாத கரையில் உட்கார்ந்து, மிதக்கிற எருமையைப் பார்த்து, "ஒனக்குக் கெடச்ச குடுப்பினை எம்மகளுக்கு இல்லையே" என்று வாய்விட்டுச் சொல்லி அழுதாள். மகள் நிவேதா எட்டாம் வகுப்பில் இருந்தாள், ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போகலாம்தான், ஆனால் நடுவில் நான்குவழிச் சாலை கிடக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஊர்ப் பெரியவரான பெரியகருப்ப அம்பலத்தின் பேத்தி சைக்கிளோடு அந்தச் சாலையைக் கடக்கும்போது லாரிக்கு அடியில் போனாள். பிள்ளையைக் கொண்டுவருவதற்கு முன்னால் புத்தகப் பையைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று அய்யனார் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்து ஊர் ஒரு கட்டுப்பாடு போட்டது: இந்த ஊர்ப் பெண்பிள்ளை எவளும் படிப்புக்காக அந்தச் சாலையைக் கடக்கக் கூடாது, மீறினால் மீறுகிற பிள்ளைக்கு ஆகாது. போட்டவர்கள் நல்லவர்கள், அழுதுகொண்டே போட்டார்கள். நல்லவர்கள் போட்ட முடிச்சை அவிழ்ப்பது கெட்டவர்கள் போட்டதை அவிழ்ப்பதைவிடக் கஷ்டம்.

கட்டுப்பாட்டில் படிப்பைத்தான் சொல்லியிருந்தார்கள், வேலையைச் சொல்லவில்லை. அதனால் எட்டாம் வகுப்பு முடித்து வீட்டில் சும்மா இருந்த பிள்ளைகளைத் தேடி, சாலைக்கு அப்பால் இருந்த பஞ்சாலையிலிருந்து வருஷந்தோறும் வேன் வந்தது. ஏறிப்போன பிள்ளைகள் விடுதியில் தங்கி நூல் சுற்றினார்கள், பொங்கலுக்கு வந்தபோது இருமினார்கள், கேட்டால் நல்லாத்தான் இருக்கு என்றார்கள். பஞ்சவர்ணம் தலைவிக்கு நின்றதே இதை மனதில் வைத்துத்தான். ஊருக்குள்ளேயே பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் சாலையும் வேண்டாம் வேனும் வேண்டாம். அலையாய் அலைந்து, பள்ளியை உயர்த்துவதற்கு அரசாங்கத்தின் சம்மதத்தையும் வாங்கிவிட்டாள். கோடை விடுமுறை முடிவதற்குள் கட்டட அனுமதியோடு இடத்தைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கும் ஊருக்குப் போய்விடும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

அனுமதிக்கு வந்த வரைபடங்களைச் சரிபார்ப்பவர் ஞானராஜ். மாவட்டத் தலைநகரில் நகரமைப்பு அலுவலகத்தில், மின்விசிறிக்கு நேர்கீழே, படம் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் ஜல்லிக் கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள், ஞானராஜ் அப்படிப்பட்ட பூசாரி இல்லை. போனவுடன் உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுப்பார், உள்ளதைச் சொல்வார். அவர் சொன்ன உள்ளதெல்லாம் பஞ்சவர்ணத்துக்கு இல்லாததாகவே முடிந்தது என்பதுதான் சங்கடம். அணுகுசாலை அகலம் போதாது என்றார். அம்பலம் தன் கொல்லையில் ஒரு பட்டையை விட்டுக்கொடுத்து வைக்கோல் போரைத் தள்ளிப் போட்டார். பின்பக்கம் விட வேண்டிய காலியிடம் குறைகிறது என்றார். கட்டடத்தை உள்ளே இழுத்தார்கள், இழுத்ததில் நூலகம் போயிற்று. மேலே மின்கம்பி போகிறது என்றார். கட்டடத்தைத் தெற்கே நகர்த்தினார்கள், நகர்த்தியதில் ஆய்வகம் மாடிக்குப் போனது. மாடி என்றால் இரண்டு படிக்கட்டு வேண்டும், இரண்டாவது படிக்கட்டு எட்டாம் வகுப்பைத் தின்றது, எட்டாம் வகுப்பு பழைய கட்டடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் படம் சின்னதாகிக்கொண்டு வந்தது. ஒன்பதும் பத்தும் மட்டும் எந்தத் திருத்தத்திலும் போகாமல் பார்த்துக்கொண்டாள் பஞ்சவர்ணம், ரேஷன் கடை வரிசையில் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி.

கடைசியில் ஒருநாள் ஞானராஜே மகிழ்ந்துபோய், "அம்மா, எல்லாம் சரியா வந்துருச்சு. இந்த எடம் எந்த வகையில வருதுன்னு மட்டும் பாத்துட்டா முடிஞ்சுது" என்று சொல்லி அலமாரியிலிருந்து பழைய துணிப்படத்தை எடுத்து விரித்தார். கொக்காரனேந்தலைத் தேடிப் பிடித்து, ஒரு நீலக் கோட்டின்மேல் பென்சிலை வைத்து, தொட்ட இடத்துக்கே திரும்பி வரும்வரை மெதுவாக ஓட்டினார். ஓட்டி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது கண்மாய்ம்மா."

"கண்மாயா இருந்துச்சு சார். எங்கப்பா காலத்துலயே தூந்துபோச்சு."

"நீர்நிலைல பள்ளிக்கூடம் கட்ட விட மாட்டாங்க. வகை மாத்தணும். படத்துல இன்னும் இருக்கே."

"படத்துல இருந்தா தண்ணி வந்துருமா சார்?" என்று பஞ்சவர்ணம் சிரித்தாள். அவரும் சிரித்தார். நேரில் வந்து பார்த்து, வறண்ட பொட்டல் என்று எழுதிவிட்டால் அதிகாரிகள் குழுவில் வகை மாற்றிக்கொள்ளலாம், அதொன்றும் பெரிய காரியமில்லை என்றார். நிம்மதியாக வீடு வந்து படுத்தாள். மறுநாள் காலையில்தான் எருமை மிதந்தது.

தண்ணீரோடு பழகுவதற்கு ஊருக்கு வெகுநாள் ஆகவில்லை. குடத்தை முக்கினால் குடம் வெறுமையாக வந்தது, ஆனால் சேலையை முக்கினால் நனைந்து வந்தது, அதனால் துவைப்பதற்கு ஆகும், குடிப்பதற்கு ஆகாது என்று பெண்கள் முடிவு கட்டினார்கள். சமர்த்துள்ள ஒருத்தி சேலையைக் குடத்துக்குள் பிழிந்து பார்த்தாள், பிழிந்த தண்ணீரில் பழைய காகித வாடை அடித்தது, உலையில் ஊற்றியதும் சோறு வேகாமல் கிடந்தது. ஆசைப்பட்டு ஓரத்தில் நாற்றுப் பாவியவனுக்கு விதை அழுகியது, முளைக்கவில்லை. அழுக வைக்கத் தெரிந்த தண்ணீருக்கு முளைக்க வைக்கத் தெரியவில்லை என்று அவன் டீக்கடையில் சொன்னான், சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். எங்கிருந்தோ நீர்க்காகங்கள் வந்து காற்றில் முங்கி எழுந்தன. வெளியூரிலிருந்து புது மாப்பிள்ளை ஒருவன் குறுக்கே நடந்து மூச்சுத் திணறினான், கரையில் இழுத்துப் போட்டு, "ஆழந்தெரியாமக் கால விடலாமா மாப்ளே" என்று கொழுந்தியாள்கள் கேலி பேசினார்கள்.

பிள்ளைகள் நீந்தக் கற்றுக்கொண்டார்கள். மெயின் ரோட்டிலிருந்து பார்த்தால் கருவைப் புதர்களுக்கு மேலே, சாயங்கால வெயிலில், ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் கையைக் காலை அடித்துக்கொண்டு பறப்பது தெரியும், பேருந்துகள் மெதுவாகப் போகும். எல்லாரிலும் நன்றாக நீந்தியவள் நிவேதா. முங்கிப்போய்த் தரையில் அடித்திருந்த முளைக்குச்சிகளைத் தொட்டுவிட்டு வருவாள். ஒருநாள் தலையைத் துவட்டிக்கொண்டே, "அம்மா, இப்ப ஒம்பதாம்பு அறைக்குள்ள போயிட்டு வந்தேன். நல்லா அகலமாத்தான் இருக்கு" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். பஞ்சவர்ணம் அடுப்படிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

சித்திரையில் ஞானராஜ் ஜீப்பில் வந்தார். கரை எங்கே என்று கேட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, கோப்புக் கட்டைத் தலைமேல் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். சுருட்டியது போதவில்லை. மார்பளவுக்குப் போனதும் நின்று நாலு பக்கமும் பார்த்தார். சுற்றிலும் காய்ந்த கருவை, வெடித்த மண், நடுவில் மார்புவரை நனைந்து நிற்கிற ஓர் அரசாங்க அதிகாரி. திரும்பி வந்து துண்டு வாங்கித் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா இப்படி ஆயிருச்சு?"

"நீங்க பென்சில வச்சீங்க சார், மறுநா வந்துருச்சு."

அவர் அதை மறுக்கவில்லை. "இதுநாள்வரைக்கும் காகிதத்துல இருந்துச்சு, வறண்ட பொட்டல்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருப்பேன். இப்ப என் சட்டை நனைஞ்சிருக்கு. நனைஞ்ச சட்டையோட நான் எப்படிம்மா அதை எழுதுவேன்?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது பஞ்சவர்ணத்துக்குக் கோபம் வரவில்லை, கோபம் வந்திருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். ஜீப்பில் ஏறும்போது, "குழு வைகாசியிலதான் கூடுது. அதுக்குள்ள தண்ணி போயிருச்சுன்னா ஒரு ஃபோன் போடுங்க. நானே வந்து நடந்து பாத்து எழுதறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஊருக்கு ஒரே வேலையாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத தண்ணீரை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? எஞ்சின் வைத்து இறைத்தார்கள், பகல் முழுக்கக் குழாய் காற்றை உறிஞ்சிக் காற்றைத் துப்பியது. வாய்க்கால் வெட்டினார்கள், வாய்க்கால் படத்தில் இல்லாததால் தண்ணீர் அதை மதிக்கவில்லை. ஊரே சேலையை முக்கிப் பிழிந்து முக்கிப் பிழிந்து வெளியே ஊற்றியது, ஒரு விரற்கடை குறையவில்லை. அய்யனாருக்குக் கிடாய் வெட்டினார்கள், கிடாயைத் தின்றார்கள். அப்போதுதான் பெரியகருப்ப அம்பலம் அரசமரத்தடியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, "கண்மாயை அழிச்சிருவோம்" என்றார்.

அந்தச் சீமையில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. கோடையில் கண்மாய் வற்றி அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கும்போது, சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். பேதமில்லாமல் எல்லாரும் வலையும் ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் கொண்டு கரையில் கூடுவார்கள். ஊரின் தலைவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஒரே நேரத்தில் இறங்கி மீனை அள்ளுவார்கள். அதற்குப் பெயர் அழிகண்மாய். அழித்த கண்மாயில் பிறகு தண்ணீர் நிற்காது, சில நாளில் காய்ந்து வெடித்துவிடும். "எங்க அய்யா காலத்துல அழிச்ச எந்தக் கண்மாயில தண்ணி நின்னுச்சு சொல்லுங்க" என்று அம்பலம் கேட்டார். ஒருவராலும் ஒரு கண்மாயைக்கூடச் சொல்ல முடியவில்லை. தண்ணீர் வற்றுவதால்தான் அழிக்கிறார்கள், அழிப்பதால் வற்றுவதில்லை என்பது கூட்டத்தில் இருந்த எவருக்கும் தோன்றவில்லை, பஞ்சவர்ணத்துக்கும் தோன்றவில்லை. முறையைச் சரியாகச் செய்தால் பலனும் சரியாக வரும் என்று நம்பித்தான் அந்த ஊர் இத்தனை காலம் உயிர் வாழ்ந்திருக்கிறது. துண்டு வீச வேண்டியது தலைவி. சரி என்றாள்.

அழிகண்மாய் அன்று கொக்காரனேந்தல் அதுவரை காணாத கூட்டத்தைக் கண்டது. வேனிலும் டிராக்டரிலும் மொபெட்டிலும் வந்து இறங்கினார்கள். கரும்புச்சாறு வந்தது, பலூன் வந்தது, பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பஞ்சவர்ணம் வெடித்த மண்ணைப் பார்த்து, போய்விடு தாயே, இத்தனை வருஷம் எங்களுக்கு வேண்டியபோது வராமலிருந்தாயே, அந்த மாதிரியே போய்விடு என்று மனதுக்குள் கும்பிட்டு, வெள்ளைத் துண்டை உயர்த்தி வீசினாள். கூட்டம் இரைந்துகொண்டு இறங்கியது. ஊத்தாவைக் கவிழ்த்தார்கள், வலையை இழுத்தார்கள், வெறும் வலை கனத்துத் துள்ளியது. கண்ணுக்குத் தெரியாத மீனைக் கூடையில் கொட்டித் தலையில் வைத்துக் கழுத்து நோகச் சுமந்துபோனார்கள். அன்று எல்லா வீட்டிலும் புளி கரைத்து மசாலா அரைத்துக் குழம்பு வைத்தார்கள். சட்டியில் குழம்பு மட்டும் கொதித்தது, தெரு முழுக்க விரால் மணந்தது, பூனைகள் வயிறு புடைக்கத் தின்று படிகளில் உருண்டன. மனிதர்கள் மணத்தைத் தொட்டுக்கொண்டு சோற்றைச் சாப்பிட்டார்கள். நல்ல மீன், முள் இல்லை என்றார்கள்.

பஞ்சவர்ணம் காலையில் எழுந்து பொட்டலுக்குப் போய்க் காலை வைத்தாள். கணுக்கால் சில்லிட வேண்டிய இடத்தில் முழங்கால் சில்லிட்டது. மீன்கள் போனதால் இடம் கிடைத்த தண்ணீர் நன்றாகப் பரவி உட்கார்ந்துகொண்டது என்று அம்பலம் பிற்பாடு காரணம் சொன்னார். எருமை மறுபடியும் போய்ப் படுத்திருந்தது.

வைகாசியில் குழு கூடியது. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள், ஓரத்தில் ஞானராஜ், இந்தப் பக்கம் நாற்காலி நுனியில் பஞ்சவர்ணம். பெரிய அதிகாரி நல்ல மாதிரியாகவே பேசினார். பள்ளி வரைபடத்தில் குறையே இல்லை, இவ்வளவு சுத்தமான படத்தைச் சமீபத்தில் பார்க்கவில்லை என்றார். பிறகு ஒரு செய்தித்தாளை மேசையில் திருப்பி வைத்தார். முதல் பக்கத்தில் பஞ்சவர்ணம் வெள்ளைத் துண்டை வீசிக்கொண்டிருந்தாள், பின்னால் ஆயிரம் பேர் காற்றில் வலை வீசிக்கொண்டிருந்தார்கள்.

"இது நீங்கதானேம்மா?"

"நான்தாங்கய்யா."

"மீன்பிடித் திருவிழா நடத்தியிருக்கீங்க. அப்படின்னா ஊரே புழங்கற கண்மாய். தூந்துபோனதுன்னா வகை மாத்தலாம், புழக்கத்துல இருக்கிறதை எப்படி மாத்த முடியும்?"

"தண்ணி போகணும்னுதாங்கய்யா அழிச்சோம்."

"தண்ணி இருந்தாத்தானே அழிக்க முடியும்" என்றார் அவர். பஞ்சவர்ணத்துக்கு அப்போதுதான் விளங்கியது. வேலியில் போன ஓணானைத் தானே எடுத்து மடியில் கட்டிக்கொண்டது விளங்கியது. அந்தக் கிட்டங்கியும் கண்மாய்க்குள்தானே இருக்கிறது என்று கேட்டாள். ஓரத்திலிருந்த ஞானராஜ் அவளைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து, "அது இந்தப் படத்துல இல்லம்மா" என்றார். ஜல்லிக் கல் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார், கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

பள்ளிக்கூடம் வரிசையில் அடுத்து நின்ற ஊருக்குப் போனது. அந்த ஊர் சாலைக்கு அப்பால் இருந்தது.

பஞ்சவர்ணம் ஊரைக் கூட்டினாள். தலைவியாகக் கேட்கவில்லை, பிள்ளை பெற்றவளாகக் கேட்கிறேன், கட்டுப்பாட்டை அவிழ்த்துவிடுங்கள், சாலை ஓரத்தில் நானே தினமும் நின்று எல்லாப் பிள்ளைகளையும் கைபிடித்துக் கடத்திவிடுகிறேன் என்றாள். ஆண்கள் அம்பலத்தைப் பார்த்தார்கள். அம்பலம் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆத்தா, நீ கேக்கறது நாயம். இல்லைங்கல. ஆனா எம்பேத்தி பையை இன்னமும் வீட்டுல ஆணியில மாட்டி வச்சுருக்கேன். தெனம் அதப் பாத்து, ஒன்னால ஊர்ப் பிள்ளைக அம்புட்டும் தப்பிச்சாகன்னு சொல்லித்தான் சோறு திங்கிறேன். கட்டை அவுத்தா அவ செத்தது வெறுஞ்சாவாப் போயிருமே ஆத்தா."

கூட்டம் கலைந்தது, கட்டுப்பாடு அப்படியே நின்றது. மீறிக்கொண்டு மகளைக் கூட்டிப் போய்விடலாமா என்று பஞ்சவர்ணம் யோசிக்காமல் இல்லை. ஆனால் மீறுகிற பிள்ளைக்கே ஆகாது என்று சொல்லித்தான் சூடத்தை அணைத்திருந்தார்கள். பென்சில் கோட்டுக்குத் தண்ணீர் வருகிற ஊரில் அணைத்த சூடத்துக்கு லாரி வராது என்று எந்தத் தாயால் தைரியமாக இருக்க முடியும்? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் புருஷன் ஃபோனில், வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய், நாலு பிள்ளைகளோடு மில்லுக்குப் போகட்டும் என்றான். நிவேதாவும் அதையே சொன்னாள். "எல்லாரும் போறாளுக. நான் மட்டும் இங்க இருந்து எருமையையா பாத்துக்கிட்டு இருக்க? நானும் போறேம்மா." சொல்லும்போது அவள் முகத்தில் அழுகை இல்லை.

ஆனி பிறந்து, மற்ற ஊர்களில் பள்ளிக்கூடம் திறந்த அன்று, மில் வேன் வந்து பொட்டலுக்கு அந்தப் பக்கம் தார் ரோட்டில் நின்றது. மற்ற பிள்ளைகள் தண்ணீர்க் கோட்டோரமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். நிவேதா துணிப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "நீ சுத்தி வா" என்று சொல்லி, நேராகக் குறுக்கே இறங்கினாள். நடந்தாள், பிறகு நீந்தினாள். புதுச் சுடிதார் காற்றில் விரிந்து மிதக்க, அவசரமில்லாமல், நடுவில் ஒருமுறை முங்கி எழுந்து, கருவை மரங்களுக்கு மேலே அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். துணிப்பையோடு சுற்றி வந்து சேர்வதற்குள் பஞ்சவர்ணத்துக்கு மூச்சு வாங்கியது.

ஆள் சேர்க்க வந்த பெண், பக்கத்து ஊர்க்காரி, வேன் படியில் நின்று நிவேதாவை மேலிருந்து கீழே பார்த்தாள். "நனைஞ்ச துணியோட ஏத்த மாட்டாக பாப்பா. அங்க பஞ்சு கெடக்கும். காயட்டும், நிக்கிறோம்" என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை, டிரைவரிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். மற்ற பிள்ளைகள் ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். நிவேதா ரோட்டோரத்தில் நின்றாள். தலையிலிருந்தும் துப்பட்டாவிலிருந்தும் தண்ணீர் சொட்டி, காலடியில் புழுதி கறுத்தது.

இத்தனை நாள் போ போ என்று கும்பிட்ட தண்ணீரைப் பஞ்சவர்ணம் முதல்முறையாக இரு என்று கும்பிட்டாள். மகளின் சடையைப் பிழிந்துவிடக் கை பரபரத்தது, பிழியவில்லை. துணிப்பையில் துண்டு இருந்தது, எடுக்கவில்லை. ஆனி வெயில் யாருக்காகவும் நிற்கிற வெயிலில்லை, அது தோளில் ஆரம்பித்து, கையில் இறங்கி, சுடிதாரின் நிறத்தை வெளுப்பாக்கிக்கொண்டே வந்தது. பஞ்சவர்ணம் கிழக்குப் பக்கமாகப் போய் மகளுக்கு முன்னால் நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். நிழல் நிவேதாவின்மேல் விழுந்தது. நிவேதா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அந்தப் பெண் படியிலிருந்து இறங்கி வந்து, பஞ்சவர்ணத்தின் தோளைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுக்கா. வெயில் படட்டும்" என்றாள்.

பஞ்சவர்ணம் தள்ளி நின்றாள்.